மரிசெல் அப்ரெகூவின் முறை

மரிசெல் அப்ரெகூவுக்கு நாற்பது வயது ஆன வாரத்தில் பல்கலைக்கழகம் அவளுக்கு ஒரு சான்றிதழ் அனுப்பியது. இளம் ஆய்வாளர்களுக்கான நேர நிர்வாகப் பயிற்சியை அவள் வெற்றிகரமாக முடித்திருந்தாளாம். பயிற்சி நடந்த இரண்டு நாளும் இடைவேளைதோறும் அவள் மாடிக்கு ஓடினாள். அங்கே இருந்த பூச்சிக் கூண்டுகளுக்கு ஈரப் பஞ்சு வைக்க வேறு ஆளில்லை. நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க வந்தவர் தாமதமாக வந்து, சீக்கிரமாகப் போனார்.

துகுமான் மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில், எங்கள் புலத்தில் இளம் ஆய்வாளர் என்பது வயதைக் குறிக்கும் சொல் அல்ல. நிரந்தர வேலை கிடைக்காதவர் என்று அதற்குப் பொருள். தலை நரைத்த இளம் ஆய்வாளர்களை எனக்குத் தெரியும். மூட்டுவலிக்கு மருந்து சாப்பிடும் இளம் ஆய்வாளர் ஒருவர் இரண்டாம் மாடியில் இருக்கிறார்.

மரிசெல்லின் வேலை எலுமிச்சையோடு. எள்ளளவு இருக்கும் ஒரு பூச்சி, மரத்துக்கு மரம் நோயைச் சுமந்துகொண்டு போகிறது. நோய் வந்த மரத்தில் காய் கோணலாகிறது, சாறு கசக்கிறது, சில ஆண்டுகளில் மரமே போய்விடுகிறது. அந்தப் பூச்சியின் குஞ்சுகள்மேல் முட்டையிட்டு அவற்றைக் கொல்கிற, அதைவிடச் சிறிய குளவி ஒன்று உண்டு. அதைக் கூண்டில் வளர்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. எலுமிச்சையை நம்பி வாழ்கிற இந்த மாகாணத்தில் அந்தக் குளவியைச் சாகவிடாமல் வளர்க்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

முதலில் அவளுக்குக் கொடுத்தது கௌரவப் பணி. கௌரவம் பல்கலைக்கழகத்துக்கு, பணி அவளுக்கு, சம்பளம் யாருக்கும் இல்லை. பிறகு உதவித்தொகை, முனைவர் பட்டம். அதற்கும் பிறகு தற்காலிக விரிவுரையாளர், ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பிக்கப்படும் என்று ஓர் ஆணை. மகள் பிறந்த ஆண்டில் மட்டும் அந்த ஆணை வரத் தாமதமானது. யாரும் காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்பவர்களின் ஆணை இன்னும் தாமதமாகும் என்பது அவளுக்குத் தெரியும்.

எங்கள் வரிசையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நிரந்தர வேலை ஒன்றுக்குப் போட்டித் தேர்வு அறிவித்தால் சட்டப்படி யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது யாருடைய போட்டி என்று எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கும். ருபேனின் போட்டி, அலிசியாவின் போட்டி என்றுதான் பேசிக்கொள்வோம். மற்றவர்கள் மரியாதைக்காக விண்ணப்பிக்க மாட்டார்கள். தன் முறை வரும்வரை ஒதுங்கி நிற்பது பண்பாடு. மரிசெல் மூன்று பேருக்காக அப்படி ஒதுங்கி நின்றாள். அவர்களில் ஒருவர் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர். 'அவனுக்கு ரெட்டைக் குழந்தை, புரிஞ்சுக்கோ' என்றார் துறைத் தலைவர் டாக்டர் அன்செல்மோ ரசேடோ. அவள் புரிந்துகொண்டாள்.

வரிசை என்று ஒன்று இருந்தால் அது எங்கே தொடங்குகிறது, யாருக்குப் பின் யார் என்று நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டும். இந்த வரிசை ரசேடோவின் தலைக்குள் இருந்தது. தயவுக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டி, படித்தவர்களையே அதற்குத் தலையாட்ட வைத்திருந்தார்கள். பூச்சியின் ஒவ்வொரு காலையும் நுண்ணோக்கியில் வைத்துச் சோதிப்பவர்கள், தங்கள் கழுத்தில் கிடந்த கயிற்றை ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை.

இவர்களுக்கு உதவத்தான் பல்கலைக்கழகம் அரவணைப்புத் திட்டம் ஒன்றை வைத்திருந்தது. அதன் முழுப் பெயர் நீளமானது, நாங்கள் அரவணைப்பு என்று மட்டும் சொல்வோம். மூன்று நிமிடத்தில் உங்கள் ஆய்வை விளக்குவது எப்படி, நடுவர்களைக் கவரும் ஸ்லைடு எப்படிப் போடுவது, நிராகரிப்பைத் தாங்கும் மனவலிமை, மூச்சுப் பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ். வேலை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டினி கிடப்பவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து மெல்லுவது எப்படி என்று பாடம் நடத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

உண்மையான உதவி வியாழக்கிழமைகளில் பூச்சி ஆய்வகத்தில் நடந்தது. ஒருவர் பேசிப் பார்ப்பார், மற்றவர்கள் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையைக் கைமாற்றி உறிஞ்சிக்கொண்டே கேட்பார்கள், திருத்துவார்கள். எங்களோடு வேலை செய்யும் லிசாந்த்ரோ கொழுப்பு வறுவல் போட்ட ரொட்டி வாங்கிவருவான். அந்த வியாழக்கிழமைகளைத் தொடங்கியது மரிசெல்தான். ஆனால் எல்லாரும் எல்லாருடைய ஆய்வையும் அறிந்தவர்கள். அங்கே யாரும் எனக்குப் புரியவில்லை என்று சொன்னதில்லை. இது எவ்வளவு பெரிய குறை என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் மரிசெல்லின் முறை வந்தது. அவள் தற்காலிகமாக வகித்த இடத்தையே நிரந்தரமாக நிரப்பப் போட்டி அறிவித்தார்கள். அவள் அம்மா கேக் செய்தாள். விண்ணப்பம் முடிகிற நாளில் அலுவலகக் கதவில் பெயர்களை ஒட்டினார்கள். இரண்டு பெயர்கள் இருந்தன.

"யாருடா இந்த சுல்மா கொரோனெல்?" என்றான் லிசாந்த்ரோ, தாளை விரலால் தட்டி.

"சந்தியாகோவாம். அங்க ஸ்கூல் டீச்சர். டாக்டர் பட்டமும் இருக்கு" என்றேன்.

"சந்தியாகோக்காரியா? அப்போ கவலைய விடு ஒல்லி. கிளாஸ் நடுவுலயே தூங்கிடுவா" என்றான் மரிசெல்லைப் பார்த்து. பக்கத்து மாகாணத்துக்காரர்களின் மதியத் தூக்கத்தைப் பற்றிய இந்த நகைச்சுவை எங்கள் ஊரில் பழையது. மரிசெல் சிரிக்கவில்லை.

"அவளுக்கு யாரும் சொல்லலையா?" என்று மட்டும் கேட்டாள்.

ரசேடோ தன் அறைக்குக் கூப்பிட்டு, அவளை உட்காரச் சொன்னார். "பந்து குலுக்குற அன்னைக்கு அவ வருவா. நீயே தன்மையா பேசு. இங்க எப்படின்னு சொல்லு. நல்ல பொண்ணா இருந்தா விலகிக்குவா. நான் சொன்னா மிரட்டுற மாதிரி இருக்கும்."

"நான் சொன்னா கெஞ்சுற மாதிரி இருக்கும், டாக்டர்."

"கெஞ்சுறதுல என்ன தப்பு?" என்றார் அவர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

போட்டியில் முக்கியமானது மாதிரி வகுப்பு. பாடத்திட்டத் தலைப்புகளுக்கு எண் கொடுத்து, எண் எழுதிய பந்துகளைக் கம்பிக் கூண்டில் போட்டுச் சுற்றுவார்கள். விழுகிற பந்தின் தலைப்பில் இரண்டு நாள் கழித்து எல்லாப் போட்டியாளரும் வகுப்பெடுக்க வேண்டும். குலுக்கும்போது மாணவர் சார்பில் ஒரு பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று பஸ் வேலைநிறுத்தம். பையன் வந்து சேரவில்லை. எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார், கூண்டைச் சுற்றினார். வழக்கமாக நடப்பதுதான். பூச்சிகளின் மூச்சு என்ற தலைப்பு விழுந்தது.

தொழிற்சங்கப் பிரதிநிதி என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன். சுல்மா கொரோனெல் குட்டையான, உறுதியான உடம்புக்காரி. வேலைநிறுத்தம் என்று கேள்விப்பட்டு முந்தின நாளே வந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மலிவு விடுதியில் தங்கியிருந்தாள். கையில் வெந்நீர் பிளாஸ்க்கும் மாத்தே குடுவையும். வராந்தா பெஞ்சில் அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"நீங்கதானே மரிசெல்? உங்க குளவிக் கட்டுரைய நான் படிச்சிருக்கேன். மாத்தே குடிக்கிறீங்களா? சர்க்கரை போட்டிருக்கேன், திட்டாதீங்க."

மரிசெல் வாங்கிக் குடித்தாள். "இந்த இடத்துல நான் ரொம்ப வருஷமா இருக்கேன்" என்றாள்.

"தெரியும். அறிவிப்புலயே போட்டிருந்தாங்களே, தற்காலிகமா ஆள் இருக்குன்னு."

"இங்க ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் ரொம்ப நாளா இருந்தா, மத்தவங்க அந்த இடத்துக்குப் போடமாட்டாங்க. அவங்கவங்க முறை வரும்."

சுல்மா குடுவையைத் திரும்ப வாங்கி வெந்நீர் ஊற்றினாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "பட்டம் வாங்கினதுலேர்ந்து நான் ஸ்கூல்ல பாடம் எடுத்துக்கிட்டே எங்கெங்கயோ விண்ணப்பம் போடுறேன். இப்படி ஒரு வரிசை இருக்குன்னு யாரும் காட்டலையே, மரிசெல். எங்க வந்து நின்னிருக்கணும், சொல்லுங்க. நின்னிருப்பேன்."

எங்கே நிற்க வேண்டும் என்பது மரிசெல்லுக்கும் தெரியாது. அவளை யாரோ ஒருநாள் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். குடுவை இன்னொரு முறை கைமாறியது. வயல்களில் கரும்பு எரித்த கரித்துகள் வராந்தாவில் வந்து விழுந்துகொண்டிருந்தது. சுல்மா தன் தொடைமேல் விழுந்ததை ஊதித் தள்ளினாள். விலகச் சொல்லி மரிசெல் கேட்கவே இல்லை.

மாதிரி வகுப்புக்கு ஒரு விதி உண்டு. முதலாண்டு மாணவர்களுக்கு நடத்துவதுபோல நடத்த வேண்டும். எதிரே பெஞ்சில் இருப்பவர்கள் மூன்று மூத்த பேராசிரியர்கள், ஆனால் அவர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் இந்த விதி தெரியும். பெரும்பாலானவர்கள் அதை அச்சடித்த வாசகமாகவே நினைத்தார்கள்.

குடும்பப் பெயரின் அகர வரிசைப்படி மரிசெல் முதலில். அவள் ஸ்லைடுகள் அழகாக இருந்தன. மூச்சுக்குழாய்களின் நுண்படங்கள், சென்ற ஆண்டு வெளியான ஆய்வுகள், ஒரு பூச்சி ஏன் ஒரு நாயளவு வளர முடியாது என்பதற்கான கணக்கு, அவளுடைய குளவியைப் பற்றிய ஒரு வரைபடம். தெளிவான குரல், சரியான நேரத்தில் முடிவு. அரவணைப்புத் திட்டம் கற்பித்த எதையும் அவள் மறக்கவில்லை. ஆனால் எதிரே இருந்த மூவரில் இருவரோடு அவள் ஆண்டுக்கணக்காக வேலை செய்தவள். அடிப்படையைத் தொடும்போதெல்லாம் 'உங்களுக்குத் தெரிந்ததுதான்' என்று சொல்லித் தாண்டிப் போனாள். நான் புள்ளியியல் கற்பிப்பவன், பூச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் தாண்டிய ஒவ்வொரு இடத்திலும் நான் விழுந்தேன்.

போட்டியாளர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் இருக்கக் கூடாது. மரிசெல் வெளியே போனாள், சுல்மா உள்ளே வந்தாள். ஸ்லைடு இல்லை. இரண்டு கண்ணாடி ஜாடி, கொஞ்சம் நூல், ஒரு டப்பா. டப்பாவில் இரண்டு பெரிய கரப்பான்.

"விடுதியில தங்கினேன். தேட வேண்டிய அவசியமே வரல" என்றாள். நடுவர்களில் ஒருவர் இருமலில் சிரிப்பை மறைத்தார்.

ஒரு கரப்பானின் தலை மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொங்கவிட்டாள். இன்னொன்றின் உடம்பு முழுக்கத் தண்ணீரில், தலை மட்டும் வெளியே.

"எது முதல்ல அடங்கும்? கை தூக்குங்க. நீ, மூணாவது, பேரு என்ன?"

மூன்றாவதாக இருந்தவர் சால்தாவிலிருந்து வந்த டாக்டர் இபார்ரா. ஓய்வு பெற இன்னும் சில மாதம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கணம் மற்றவர்களைப் பார்த்துவிட்டு, "இபார்ரா" என்றார்.

"சொல்லு இபார்ரா."

"தலை தண்ணிக்குள்ள இருக்கிறது" என்றார் இபார்ரா, கெட்டிக்கார மாணவன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வதுபோல.

"ஏன்?"

"மூக்கு தலையில்தானே இருக்கு."

"சரி, பொறு. பார்த்துக்கிட்டே பேசலாம்."

அவள் பேசினாள். பலகையில் ஒரு கரப்பானை வரைந்தாள், பக்கவாட்டில் துளைகளாகப் புள்ளி வைத்தாள். வகுப்பு முடியும்போது, தலை மூழ்கிய கரப்பான் காலை உதைத்துக்கொண்டிருந்தது. உடம்பு மூழ்கியது அசைவில்லாமல் கிடந்தது. அதை வெளியே எடுத்துத் தாளில் வைத்து, "சாகல. கொஞ்ச நேரத்துல எழுந்துக்கும்" என்றாள். பிறகு, "இப்போ சொல்லு இபார்ரா, மூக்கு எங்க?"

"வயித்துல, டீச்சர்" என்றார் இபார்ரா. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

தீர்ப்பில் சுல்மா முதலிடம், மரிசெல் இரண்டாமிடம். மரிசெல்லின் புலமையில் ஐயமில்லை, ஆனால் வகுப்பு மாணவர்களை நோக்கி நடத்தப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். நியாயமான தீர்ப்பு. நியாயம் அவளுக்கு இத்தனை ஆண்டு கழித்து, இந்த உருவத்தில் வந்து சேர்ந்ததுதான் கொடுமை.

ரசேடோ மரிசெல்லையும் என்னையும் கூப்பிட்டார். "ஆட்சேபணை மனு போடு. பையன் வராமலே பந்து குலுக்கிட்டாங்க. அது போதும்."

"போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள் மரிசெல்.

"ஒண்ணும் ஆகாது. அதுதான் அதோட அழகு. கோப்பு சட்டப் பிரிவுக்குப் போய்ப் படுத்துக்கும். அது எழுந்திருக்கிற வரைக்கும் யாரையும் நியமிக்க முடியாது. நீ உன் இடத்துல தற்காலிகமா இருப்ப. மூணு வருஷம், நாலு வருஷம். அதுக்குள்ள வேற எதாவது பண்ணலாம். உன்னை நான் கைவிட மாட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படி அசையாமல் கிடக்கும் கோப்புகள் சிலவற்றை நானே எழுதியிருக்கிறேன்.

வெளியே வந்து, சதுக்கத்து மூலையில் வண்டிக்காரரிடம் ஆளுக்கொரு சிவப்பு ஐஸ் வாங்கி நின்றோம். எங்கள் ஊரில் வசந்தம் தொடங்கும் செப்டம்பரிலேயே வெயில் அறைந்தது.

"டெலிகேட்டு, அவ கிளாஸ் எப்படி இருந்துச்சு?" என்றாள் மரிசெல். சங்கப் பிரதிநிதி என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பூச்சி எப்படி மூச்சு விடுதுன்னு இப்போ எனக்குத் தெரியும்."

"என் கிளாஸ்?"

"நல்லா இருந்துச்சு."

"நான் அதைக் கேக்கல."

"உன் கிளாஸ் முடிஞ்சப்போ எனக்குத் தெரியல, மரிசெல்."

அவள் ஐஸை நக்கவில்லை. அது உருகி விரலில் வழிந்தது. "எத்தனை பயிற்சி போயிருப்பேன். எல்லாத்துலயும் மார்க் போடறவங்ககிட்ட எப்படிப் பேசணும்னுதான் சொல்லிக்குடுத்தாங்க. நானும் நல்லா கத்துக்கிட்டேன்" என்றாள். "அவ பாவம், ஸ்கூல்ல வெறும் பசங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்திருக்கா."

மனுவுக்குக் கெடு ஐந்து வேலைநாள். நான் தட்டச்சு செய்து வைத்தேன். போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவள் உரிமை, என் வேலை அதைச் சரியாக எழுதிக்கொடுப்பது. லிசாந்த்ரோ, அம்மா, கணவன் எல்லாரும் போடு என்றார்கள். கணவனின் லாரிக் கம்பெனியில் மருத்துவக் காப்பீடு இல்லை, மகளுக்கும் சேர்த்து மரிசெல்லின் வேலையில்தான் வந்தது. யார் போடச் சொல்லமாட்டார்கள்?

கடைசி நாள் அவள் என் அறைக்கு வந்து மனுவை நின்றபடியே படித்தாள்.

"சட்டப்படி சரியா?"

"சரி."

"இதுல இருக்கிறது உண்மையா?"

"உண்மைதான். பையன் வரல."

"வந்திருந்தா?"

"வேற பந்து விழுந்திருக்கலாம். எது விழுந்திருந்தாலும் அவ அதுக்கு ஒரு கரப்பானைப் பிடிச்சிருப்பா."

"இதைப் போட்டா அவ வெளியில நிப்பா, நான் உள்ள நிப்பேன். ரெண்டு பேரும் நின்னுக்கிட்டேதான் இருப்போம். இல்லையா?"

"ஆமா."

"நீ என்ன சொல்ற?"

"சம்பளமும் காப்பீடும் உன்னோடது. எனக்கு சொல்ல உரிமை இல்ல. ஆனா ரசேடோ நல்லது பண்றார்னு மட்டும் நினைக்காத. அந்தக் கோப்பு தூங்குற வரைக்கும் நீ அவருக்குக் கடமைப்பட்டிருப்ப."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். "எனக்குக் கால் வலிக்குது" என்றாள்.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனாள். மனு என் மேசைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதைத் தியாகம் என்று பிறகு சிலர் சொன்னார்கள், முட்டாள்தனம் என்று ரசேடோ சொன்னார். இரண்டும் இல்லை. களைத்துப்போன ஒரு பெண் வரிசையைவிட்டு வெளியே வந்தாள்.

ஆட்சேபணை இல்லாமலேயே சுல்மாவின் நியமன ஆணை, டிசம்பரில் தொடங்கும் எங்கள் கோடை முழுக்க மேசை மேசையாக ஊர்ந்தது. போட்டி முடிந்துவிட்டதால் மரிசெல்லின் தற்காலிகம் மார்ச் வரை போகாமல் டிசம்பரோடு முடிந்திருந்தது. இடையில் குளவிகளைப் பார்த்துக்கொள்ளக் காகிதத்தில் யாருக்கும் பொறுப்பில்லை. மரிசெல் சம்பளமில்லாமல் வந்து பார்த்தாள், சந்தியாகோவிலிருந்து சுல்மாவும் முடிந்தபோது வந்தாள், இருவரும் பஞ்சு மாற்றினார்கள். ஜனவரியில் ஒரு வார இறுதியில் கட்டடம் பூட்டியிருந்தது, மின்சாரம் போனது. திங்களன்று திறந்தபோது கூண்டுகளின் அடியில் பொடிபோலக் குளவிகள் கிடந்தன. அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. நோய் சுமக்கும் பூச்சிக்கு நியமன ஆணை தேவையில்லை, அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

மரிசெல் இப்போது தஃபி விய்யெஹோவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறாள். அதுவும் நிரந்தரமில்லை, மணிக்கணக்குச் சம்பளம்தான், ஆனால் காப்பீடு உண்டு. சுல்மா மரிசெல்லின் பழைய மேசையில் இருக்கிறாள், வியாழக்கிழமைகளைத் தொடர்ந்து நடத்துகிறாள். யாராவது பேசும்போது ஒவ்வொரு வரிக்கும் 'புரியல' என்று சொல்வது அவள் வேலை. லிசாந்த்ரோவுக்கு அவளைக் கண்டால் பயம்.

சென்ற மாதம் அரவணைப்புத் திட்டத்திலிருந்து மரிசெல்லுக்கு மின்னஞ்சல் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே வெற்றி கண்ட இளம் ஆய்வாளர் என்று அவள் வந்து பேச வேண்டுமாம். அவள் எனக்கு போன் செய்தாள்.

"டெலிகேட்டு, பஸ் காசு குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லு."

கேட்டேன். பயணப்படிக்கு நிதி ஒதுக்கவில்லை, சான்றிதழ் உண்டு என்றார்கள். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

அவள் வெகுநேரம் சிரித்தாள். பின்னால் மணி அடிக்கும் சத்தம், பெஞ்சுகள் இழுபடும் சத்தம்.

"வர முடியாதுன்னு சொல்லிடு. அன்னைக்கு எனக்கு முதல் வருஷப் பசங்க" என்றாள். "கரப்பான் பிடிச்சு வெச்சிருக்கேன்."